பட்டு மாமி காயப்போட்ட வாசல்

லால்குடில எங்கம்மா வீட்டுலேர்ந்து காலைல பஸ் புடிச்சு ஸ்ரீரங்கம் வந்து தெருவுக்குள்ள நுழையறேன், எங்க வீட்டு வாசல் காஞ்சு கெடக்கு. தண்ணி தெளிக்கல, கோலம் இல்ல. கீழ்ப்போர்ஷன்ல குடியிருக்கற பட்டு மாமி மறுபடியும் எங்க வீட்டுக்காரரோட மல்லுக்கு நின்னுட்டாங்க போலருக்குன்னு சிரிச்சுக்கிட்டேதான் வந்தேன். அவரு கேட்டப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. "மாமி போயிட்டாங்கடி. தூக்கத்துலயே"ன்னாரு.

ஏன் சிரிச்சேன்னு நம்ம தெருக்காரங்களுக்குத் தெரியும். மத்தவங்களுக்காகச் சொல்றேன்.

இவரு கரண்டு ஸ்கூட்டர் வாங்கினப்ப, ராத்திரி சார்ஜ் போட கிரில் அடைச்ச போர்ட்டிகோவுல பிளக் பாயிண்ட் வெச்சாரு. தரைக்கு ஒரு சாண் மேல. அங்கதான் மாமி விடியக்காலம் வாளி வாளியா தண்ணி ஊத்திக் கழுவுவாங்க.

"இதை ஒசத்தி வெச்சுடுங்கோ சார்"னாங்க.

"மேல கூரை, சுத்தி கிரில். மழை எங்கேர்ந்து மாமி வரும்?"

"மழை மேலேர்ந்து வரும். என் தண்ணி கீழேர்ந்துன்னா வரும்?"

இவரு அசையல. மார்கழி பொறந்துது. காய்ச்சல்லகூட கோலத்த விடாத மாமி, வாளியக் கவுத்துப் போட்டு அதுமேலயே உக்காந்துக்கிட்டு பெருமாள் பேரச் சொல்லிக்கிட்டிருக்காங்க. மார்கழில வாசல் காஞ்சிருந்தா அந்த வீட்டுல சாவுன்னுதான நெனப்பாங்க? கோயிலுக்குப் போறவங்கல்லாம் நின்னுட்டாங்க. பூக்காரம்மா இவரப் பாத்துட்டு, "நீங்களோன்னு நெனச்சேன் சார்"னுச்சு. "யாரு மாமி போனது?"ன்னு ஒருத்தர் கேட்டாரு.

"இன்னும் யாரும் போகல. போறதுக்குள்ள சார் மாத்திடுவார்னு காத்துண்டிருக்கேன்."

மத்தியானமே எலக்ட்ரீஷியன் வந்துட்டாரு. பாயிண்ட்ட தோள் ஒசரத்துக்கு ஏத்தி, தண்ணி படாத மூடி போட்டு, கரண்டு கசிஞ்சா தானா நின்னுடற சுவிட்சும் வெச்சுட்டுப் போனாரு.

நான் பல்லி கத்தினாலே சகுனம் பாக்கறவ. "மார்கழில வாசலக் காயப்போட்டீங்களே, பயமா இல்லையா மாமி?"ன்னு கேட்டேன். "ரங்கன் கோச்சுக்க மாட்டான்டி. அவனுக்குக் கோலத்தவிட உன் உசிரு பெரிசு"ன்னாங்க. இப்ப நெனச்சாலும் மயிர்க்கூச்செறியுது. பக்தின்னா பயம்னு நெனச்சுக்கிட்டிருந்தவ நான். அவங்க பெருமாளத் தன் பக்கம் சேத்துக்கிட்டு நின்னாங்க.

அதுக்கப்புறம் தெனமும் அந்த மூடிய ஒரு அழுத்து அழுத்திப் பாத்துட்டு, "ரங்கா"ன்னுட்டுதான் தண்ணி ஊத்துவாங்க.

காரியமெல்லாம் முடிஞ்ச மறுநாள் விடியக்காலம் நான் வாளியத் தூக்கிட்டு எறங்கினேன். எனக்கு முன்னாடியே இவரு அங்க நின்னு மூடிய அழுத்திப் பாத்துக்கிட்டிருந்தாரு. "இப்ப ஊத்து"ன்னாரு. "ரங்கா"ன்னு ஊத்தினேன். மாமிகிட்டேர்ந்து எங்களுக்குன்னு தங்கினது அதுதான்.

கோலம் கொஞ்சம் கோணல்தான். கோயிலுக்குப் போறவங்க யாரும் நின்னு கேக்கல.