கங்கையம்மாள் போட்ட ஒட்டு

கங்கையம்மாளைப் பற்றி எழுதப் போனால் என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். நான் இல்லாமல் அவள், காற்றில் கரண்ட் எடுக்கிற காற்றாடி செய்யும் அந்தக் கம்பெனி வாசலை மிதித்திருக்க மாட்டாள்.

என் பெயர் வீராசாமி. ஊர் திருப்புட்குழி. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பெரிய காஞ்சிபுரத்தில் கூலித் தறியில் முப்பது வருஷம் உட்கார்ந்தேன். இன்றைக்கு என் பெயரைச் சொல்லி வேலைக்குப் போகிறவர்கள் நூற்று நாற்பது பேர். அவர்களை ஏற்றிப் போக மூன்று வேன் ஓடுகிறது. இதில் எதையும் நான் யாரிடமும் கைகட்டி வாங்கவில்லை. இவ்வளவு பெரிய ஆளான நானும், எதற்கும் அசையாதவள் என்று பேர் எடுத்த கங்கையம்மாளும், கென்யாவில் ஒரு தகர வீட்டின் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த ஒரு காற்றாடியை நினைத்து நடுங்கினோம். அதைத்தான் எழுதுகிறேன்.

தென்கால் என்பது கம்பெனியின் பெயர். சுங்குவார்சத்திரம் தாண்டி அவர்கள் ஷெட் போட்டபோது ஒரே ஒரு அச்சுதான் வைத்திருந்தார்கள். காற்றாடியின் இறக்கையை அந்த அச்சுக்குள்ளேதான் செய்ய வேண்டும். பிளேடு என்பார்கள். ஐம்பத்தைந்து மீட்டர் நீளம். கண்ணாடி இழையில் நெய்த வெள்ளைத் துணியை அச்சுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, பிளாஸ்டிக் தாளால் மூடி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டுப் பிசினை ஓடவிடுவார்கள். காய்ந்தால் பாறை. ஆனால் துணியில் ஒரு சுருக்கம் விழுந்திருந்தால் அந்த இடம் என்றைக்காவது பிளக்கும்.

அவர்களுக்குச் சுருக்கம் விழுந்துகொண்டே இருந்தது. நான் நேரே மேனேஜர் ராஜகோபாலிடம் போய் நின்றேன்.

"சார், துணி விரிக்கிற கை வேற சார். எங்க ஆளுங்களை ஒரு வாரம் விட்டுப் பாருங்க."

"தறி நெய்யறவங்களா? இது ஃபைபர்ங்க."

"நூல் நூல்தானே சார்."

ஒரு வாரத்தில் சுருக்கம் நின்றது. பெரிய கம்பெனிகளெல்லாம் பணக்கார நாடுகளைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்த காலம் அது. தென்கால்காரர்கள் கரண்ட் போதாத நாடுகளாகத் தேடிப் போனார்கள். முதலில் கென்யா, அப்புறம் வியட்நாம், அப்புறம் பெரு. மூன்றே வருஷத்தில் ஒரு அச்சு ஆறு அச்சானது. பிளேடு ஏற்றிய டிரெய்லர் பெங்களூர் ரோட்டில் திரும்பும்போது ஜனங்கள் பஸ்ஸை விட்டு இறங்கி வேடிக்கை பார்ப்பார்கள். அந்த வளர்ச்சியில் பாதி என் ஆட்களுடைய கை. இதை ராஜகோபாலே மைக்கில் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கைகளில் முதல் கை கங்கையம்மாளுடையது. வயது நாற்பத்தாறு. புருஷன் இல்லை, திரிஷா என்று ஒரே மகள், நர்ஸுக்குப் படிக்கிறாள். என் தறியில் பதினாறு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு ஊடிழை போடும் நாடாவைத் தள்ளியவள் கங்கையம்மாள். சேலையின் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டும் சேரும் இடம்தான் கோர்வை. கண்ணை மூடிக்கொண்டு தடவினால் அந்த இடம் கைக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அது எங்களுக்கு அவமானம்.

அங்கேதான் தப்பு நடந்தது. தப்பு என்னுடையது.

முதல் ஆர்டர், கென்யாவுக்குப் பதினெட்டுக் காற்றாடி. துணி அப்போது ரோலாக வரும். பாதி விரிக்கும்போதே ரோல் தீர்ந்துவிடும், அடுத்த ரோலைச் சேர்க்க வேண்டும். ராஜகோபால் என்னிடம் போகிற போக்கில் சொன்னார்: "ரோல் முடியற எடத்துல ஓவர்லேப் குடுக்கச் சொல்லுங்க வீராசாமி, நூத்தம்பது."

ஓவர்லேப் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. நூற்றைம்பது எது என்றும் தெரியாது. நாலு பேர் எதிரில் கேட்பதா? தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஆட்களிடம் என் பாஷையில் சொன்னேன்: "ரெண்டு துணியும் கோர்வை மாதிரி சேரணும்பா."

கங்கையம்மாள் அப்படியே செய்தாள். இரண்டு துணியின் விளிம்பிலும் இழையைப் பிரித்து, ஒன்றுக்குள் ஒன்று கோத்து, விளிம்போடு விளிம்பாக நிறுத்தினாள். ராஜகோபால் கையுறையைக் கழற்றித் தடவிப் பார்த்தார்.

"ஜாயிண்டே தெரியலயே" என்றார்.

அன்றைக்கு எனக்குத் தலை கால் புரியவில்லை.

இரண்டாவது ஆர்டரிலிருந்து துணி அளவாக வெட்டியே வர ஆரம்பித்தது. ரோலும் இல்லை, ஒட்டும் இல்லை. எல்லாரும் அதை மறந்துபோனோம்.

இந்த வருஷம் மே மாதம் ஜெயப்ரியா என்று ஒரு பெண் தரம் பார்க்கும் இஞ்சினியராக வந்தாள். எங்கள் பக்கத்து ஓரிக்கைப் பெண். விதிப்புத்தகத்தில் இருந்ததையெல்லாம் தமிழிலேயே படம் போட்டுச் சுவரெல்லாம் ஒட்டினாள். அன்று சாயங்காலம் வேனிலிருந்து எல்லாரும் இறங்கியும் கங்கையம்மாள் இறங்கவில்லை.

"ணா, செவுத்துல படம் ஒட்டிக்கினு இருக்குதே, பாத்தியா? ரோல் முடியற எடத்துல துணி மேல துணி ஏறிக்கினு இருக்குது. முக்கா சாணுக்கு."

"புது ரூலா இருக்கும்மா."

"நானும் அப்டிதான் நெனச்சேன். அந்தப் பொண்ணைக் கேட்டா, ஆரம்பத்துலேருந்தே அதானாம். ஏத்தாம வெச்சா அந்த எடத்துல பலமே இருக்காதாம். நூத்தம்பது மில்லிமீட்டர் ஏறணுமாம், அதுக்குப் பேரு ஓவர்லேப்பாம்."

மூன்று வருஷம் கழித்து அந்த வார்த்தை என் காதில் மறுபடி விழுந்தது.

"உனக்கு அப்போ அர்த்தம் தெரியுமாணா?"

"தெரியாது."

"தெரியாமயா வந்து சொன்ன? இன்னும் எது எதுக்குல்லாம் மண்டைய ஆட்டி வெச்சிருக்கியோ."

தன் கையைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்: "பதினெட்டு மெஷின். எதுல எங்க போட்டேன்னு பேப்பர்லயும் இல்ல. கீழ ஜனங்க இருப்பாங்களாணா?"

இருந்தார்கள். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். கம்பெனி காலண்டர் என் வீட்டிலும் தொங்குகிறது, அவள் வீட்டிலும் தொங்குகிறது. மே மாதத் தாளில் அந்தக் கென்யாக் குன்று. ஏழாம் நம்பர் காற்றாடிக்கு நேர் கீழே ஒரு தகர வீடு. வாசலில் ஒரு பொம்பளை துணி காயப்போடுகிறாள். பக்கத்தில் மூன்று ஆடு.

"வாயைத் தொறக்காத" என்று சொன்னேன். "பிரேசில்காரங்க வராங்க. பெரிய ஆர்டர். இப்போ போய் இதைச் சொன்னா நூத்தி நாப்பது பேரும் வீட்டுல உக்காரணும்."

அவளும் திறக்கவில்லை. பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளும் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. எங்கேயோ ஒரு பிளேடு முறிந்து, முறிந்த பாதி இரண்டு வயல் தாண்டி விழுந்த வீடியோவைத் திரிஷா போனில் காட்டிவிட்டாளாம். கங்கையம்மாள் வேனில் என் பின்னால் உட்கார்ந்து அதையே சொல்லிக்கொண்டு வருவாள். தெருவில் லேசாகக் காற்றடித்து எவர் வீட்டுத் தகரமாவது படபடத்தால் பேச்சை நிறுத்திவிடுவாள். அங்கே காற்று எப்போது என்று ஜெயப்ரியாவிடம் சும்மா கேட்கிற மாதிரி கேட்டிருக்கிறாள். "ஜூன்ல புடிச்சுக்கும்மா, செமையா அடிக்கும்" என்று சொல்லியிருக்கிறது அந்தப் பெண், பெருமையாக. அன்றிலிருந்து காலண்டர் அவள் வீட்டில் சுவரைப் பார்த்துத் திரும்பித் தொங்கியது. நான் என் வீட்டில் கழற்றியே வைத்துவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் காலையில் ஜெயப்ரியா எல்லாரையும் நிற்க வைத்து அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுத்தாள். போகிறபோது ஒரு செய்தியும் சொன்னாள்: கென்யாவில் ஏழாம் நம்பர் ஒவ்வொரு சுற்றுக்கும் டக், டக் என்று சத்தம் போடுகிறதாம், இடி விழுந்திருக்கலாமாம்.

கங்கையம்மாள் கையுறையைக் கழற்றித் தரையில் வைத்தாள். ஜெயப்ரியாவின் அறைக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். எதற்கு ஓடினேன், தடுக்கவா என்று கேட்டால், ஆமாம், தடுக்கத்தான்.

அதற்குள் அவள் மேஜைமேல் இருந்த இரண்டு தாளை விளிம்போடு விளிம்பாகச் சேர்த்து வைத்துவிட்டாள்.

"இப்டிதான்மா போட்டேன். மொத ஆர்டர் பூரா."

ஜெயப்ரியா அந்தத் தாளையே பார்த்தாள். "கங்கைம்மா, வெளையாடாதீங்க. யாரு இப்டிப் போடச் சொன்னது?"

"யாரும் சொல்லல. எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்."

வாசலில் நின்ற எனக்கு அரை நிமிஷம் ஆனது. மூன்று வேன் வாங்கியவன், கலெக்டரிடம் நேருக்கு நேர் நின்று பேசியவன், அந்த அரை நிமிஷத்தில் திரும்பிப் போய்விடலாமா என்றுதான் யோசித்தேன்.

"நான்தான்மா சொன்னேன்" என்றேன். "சாரு சொன்னது எனக்குப் புரியல."

ஜெயப்ரியா எங்களைத் திட்டவில்லை. கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினாள். இரண்டு தடவை தப்பாக அடித்து அழித்தாள். ராஜகோபால் ஓடி வந்து, "வியாழக்கிழமை பிரேசில்காரங்க சைன் பண்றாங்க, என்ன பண்ணிக்கிட்டு இருக்கீங்க?" என்று கத்தும்போது, "சார், பதினெட்டையும் நிறுத்தச் சொல்லி மெயில் போட்டுட்டேன்" என்றாள்.

காற்றாடிகள் நின்றன. ஆனால் எதைச் சரிசெய்வது? கருவி வைத்துப் பார்த்தால் பிளந்த இடம் தெரியுமாம், பிளக்கப் போகிற இடம் தெரியாதாம். ஒட்டு எங்கே என்று வரைபடத்தில் இல்லை. ரோல் தீர்ந்த இடத்தையெல்லாம் யார் எழுதி வைத்தார்கள்?

"நான் தடவுனா சொல்லிடுவேன்" என்றாள் கங்கையம்மாள்.

திருப்பதிக்கு அந்தப் பக்கம் போகாதவள் ஜெயப்ரியாவோடு கென்யாவுக்கு விமானம் ஏறினாள். பாஸ்போர்ட்டுக்கு அலைந்தவன் நான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அங்கே நடந்ததை மத்தியானம் மத்தியானம் போனில் சொல்வாள். காற்றாடியைப் பூட்டி, ஒரு பிளேடைப் படுக்கை வசமாக நிறுத்துவார்களாம். தூணின் உச்சியில் ஏறி, அங்கிருந்து பிளேடின் தடித்த அடிப்பக்கத்துக்குள் நுழைய வேண்டும். முதலில் ஆள் உயரத்துக்கு இருக்கும், போகப் போகக் குறுகி மண்டி போட்டு, அப்புறம் வயிற்றால் ஊர வேண்டும். உள்ளே இருட்டு. பூட்டி வைத்திருந்தாலும் காற்றுக்குப் பிளேடு ஆடும், உள்ளே முனகும்.

"காலுக்குக் கீழ ஒண்ணுமே இல்லணா. ஒரு வெரல் கனம் நான் போட்ட துணி. அது மேலதான் படுத்துக்கினு இருக்கேன்."

"பயமா இருக்குதாம்மா?"

"பின்ன இல்லாமயா? நான் போட்டதுன்னு தெரிஞ்சுதானே பயமா இருக்குது."

முதல் இரண்டு காற்றாடியில் ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றாவதில் கை நின்றதாம். ஜெயப்ரியா விளக்கைக் காட்டினால் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. கங்கையம்மாள் நகத்தை வைத்து அழுத்தியிருக்கிறாள். நகம் உள்ளே போனது. ஒரு சாண் நீளத்துக்குப் பிளவு. அதற்கப்புறம் ஒட்டுகள் வரிசையாகக் கிடைத்தன. பாதிக்கு மேல் வாய் திறந்திருந்தன. அடையாளம் போட்டதும் அந்த ஊர் ஆட்கள் உள்ளே புகுந்து, தேய்த்து, துணி மேல் துணி ஏற்றி ஒட்டினார்கள்.

ஏழாம் நம்பரை இரண்டு நாள் தடவினாள். மூன்று பிளேடிலும் ஒன்றும் இல்லை.

அன்று ராஜகோபால் அறையில் நானும் இருந்தேன். போனைச் சத்தமாக வைத்து மேஜைமேல் போட்டிருந்தார்.

"கருவியிலயும் ஒண்ணும் இல்ல, கைக்கும் ஒண்ணும் இல்ல" என்றார். "ஏழு நல்லா இருக்குன்னு எழுதிட்டுக் கிளம்புங்க. பிரேசில்காரங்க என் பதிலுக்குத்தான் வெயிட் பண்றாங்க."

"சத்தம் போட்டுச்சே சார்" என்றாள் கங்கையம்மாள்.

"இப்போ இல்லல்ல?"

"இப்போ நின்னுக்கினு இருக்குது சார். நின்னா எப்டி சத்தம் வரும்? ஒட்டு உள்ள இருக்குது. என் கையும் கருவியும் அவ்ளோ தூரம் எட்டல. அவ்ளோதான் விசயம். மூணையும் கீழ எறக்கி அறுத்துப் பாருங்க."

"கீழ இறக்கணும்னா துறைமுகத்துலேருந்து கிரேன் வரணும். எவ்வளவு நாள் ஆகும்னு தெரியுமா? நீங்க சொல்றதை வெச்சு மட்டும் எப்டிம்மா?"

அந்தப் பக்கம் காற்று இரைந்தது. ஜூன் பாதி தாண்டியிருந்தது.

"செரி சார். அந்தத் தகர வீட்டுல ஒரு அம்மா இருக்காங்க. டீ போட்டுக் குடுத்தாங்க. அவங்க வாசல்ல நான் போயி உக்காந்துக்குறேன். நீங்க மெஷினைச் சுத்த விடுங்க."

அவள் சொன்னால் செய்வாள் என்று எனக்குத் தெரியும். ராஜகோபால் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். வெளியே பிரேசிலுக்கென்று வார்த்த முதல் அச்சை இறக்கிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து போனைக் கையில் எடுத்தார்.

"கிரேனுக்குச் சொல்றேன். வர வரைக்கும் அந்த வீட்டுல யாரும் இருக்க வேண்டாம், நீங்களும்தான்" என்றார்.

கிரேன் வர பத்தொன்பது நாள் ஆனது. தகர வீட்டுக்காரர்களைப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கூடாரம் போட்டு உட்கார வைத்தார்கள், ஆடுகளையும் சேர்த்து. பிரேசில்காரர்கள் கையெழுத்துப் போடாமலே ஊருக்குப் போனார்கள். என் ஆட்களில் முப்பது பேருக்கு அப்போது வேலை நின்றது, ஒவ்வொருவரும் என் வாசலில் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். தினமும் மத்தியானம் போன் வரும். "இன்னிக்குக் காத்து ஜாஸ்திணா" என்பாள். அதோடு போனை வைத்துவிடுவாள். பூட்டு தாங்குமா என்று ஜெயப்ரியாவிடம் கேட்டால், தாங்கும் என்பாள், ஆனால் சொல்வதற்கு முன்னால் ஒரு கணம் யோசிப்பாள்.

இருபதாம் நாள் சாயங்காலம் ஒரு போட்டோ வந்தது. புல்தரையில் பிளேடு கிடக்கிறது. மூன்றில் இரண்டாவது பிளேடு. ரம்பத்தால் குறுக்கே அறுத்திருக்கிறார்கள். உள்ளே ஆள் ஊர்ந்து போகிற இடம் முடிந்து, அதற்கு மேல் இரண்டு முழம் தள்ளி ஒட்டு. அந்தத் தகர வீட்டுப் பொம்பளை தோளில் துண்டோடு பக்கத்தில் நின்று குனிந்து பார்க்கிறாள். கங்கையம்மாள் கேமராவைப் பார்க்கவில்லை. பிளவுக்குள் விட்ட அவள் கை முழங்கைவரை உள்ளே போயிருந்தது.