விட்கம் வராத படம்

பஹ்ரைனில் ஓர் எண்ணெய்க் கம்பெனி கிளப்பில் உமாபதி சினிமா ஆபரேட்டர். மன்னார்குடிப் பக்கம் டூரிங் டாக்கீஸில் கற்ற தொழில். பெய்ரூட்டிலிருந்து பெட்டியில் வரும் பழைய அமெரிக்கப் படங்களை வியாழக்கிழமைதோறும் வெள்ளைக்காரக் குடும்பங்களுக்குத் திறந்தவெளியில் ஓட்டுவார். சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகக் கூடாது என்பது மானேஜர் உத்தரவு. ஆகவே உமாபதி படத்தை வெட்டுவார். கதாநாயகனைத் தொட முடியாது. சண்டையைத் தொட்டால் கூச்சல் வரும். கத்தரிக்கு வாகாகக் கிடைத்தவர் எர்ல் விட்கம் என்ற துணை நடிகர்.

ஓட்டல் குமாஸ்தா, ஊர் டாக்டர், குதிரை லாயக்காரன், ஜூரியில் ஒருவர். இருபது வருஷம் விட்கம் நடித்ததெல்லாம் இப்படித்தான். வருவார், இரண்டு வார்த்தை பேசுவார், கதவைச் சாத்திக்கொண்டு போவார். அவரை எடுத்துவிட்டு முன்னும் பின்னும் ஒட்டினால் கதை அதுபாட்டுக்கு நடக்கும். துண்டுகளைத் திரும்பச் சேர்த்து அனுப்புவதுதான் முறை. யாரும் கேட்காததால் உமாபதி குப்பையில் போட்டுவந்தார்.

எழுபத்தைந்தாம் வருஷக் குளிர்காலத்தில், கிளப்பில் பரிமாறும் கௌஸ் முகைதீன் புரொஜெக்டர் அறைக்கு வந்தார்.

"அண்ணே, புது எஞ்சினீயரோட மாமனார் வந்திருக்கார். இன்னிக்குப் படத்துல டாக்டரா நடிச்சிருக்காராம். அதுக்குத்தான் இவ்வளவு கூட்டம்."

உமாபதி பெட்டியைப் பார்த்தார். முன்பு ஒருமுறை வந்துபோன அதே பிரதி.

"இதுல டாக்டர் இல்ல, முகைதீன். நான் எடுத்துட்டேன்."

"நல்லா எடுத்தீங்க. வெளியே சொல்லிராதீங்க. சொன்னா கலாஸ், அடுத்த பிளைட்டுல ஊருதான்."

படம் முடிந்து விளக்கு எரிந்தது. யாரோ சிரித்தார்கள். விட்கமின் மகள், "முப்பது வருஷமாக இந்தப் படத்தைப் பற்றித்தானே எங்களிடம் சொன்னீர்கள், அப்பா?" என்றாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனாலும் அவள் கண்ணில் சந்தேகம் விழுந்துவிட்டது. இதுவரை பிலிமைத்தான் வெட்டுவதாக உமாபதி நினைத்திருந்தார்.

மகள் காரை எடுக்கப் போனதும் கிழவரிடம் போய், தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார்: "சார், நீங்கள் படத்தில் இருந்தீர்கள். வெட்டியது நான்."

விட்கம் கோபப்படவில்லை.

"நான் இல்லாமல் கதை புரிந்ததா?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்தத் தைரியமும் வரவில்லை.

"புரிந்தது, சார்."

கார் வந்து நின்றது. கிழவர் மெதுவாக ஏறினார். "அது வேறு படம் போலிருக்கிறது, வயதாகிவிட்டது, குழப்பிக்கொண்டேன்" என்று அவர் மகளிடம் சொன்னது உமாபதி காதில் விழுந்தது.

ஓர் ஆபரேட்டரின் வேலை போகக் கூடாதென்று சொன்னாரா? தேவைப்படாதவன் என்பதைவிட மறதிக்காரன் என்பது ஒப்புக்கொள்ளச் சுலபம் என்று சொன்னாரா? உமாபதிக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

அடுத்த வியாழன் அவர் படத்தை வெட்டாமல் ஓட்டினார். சாப்பாடு ஆறிப்போயிற்று. மானேஜர் எல்லார் முன்னாலும் திட்டினார். தலைகுனிந்து நின்ற உமாபதிக்கு அந்தத் திட்டு போதவில்லை.