மடங்காத விரல்

அன்ரன் அழைத்தபோது நான் மீன் பெட்டிகள் கழுவும் பகுதியில் நின்றேன். இயந்திரச் சத்தத்தில் அவன் சொன்னது முதலில் விளங்கவில்லை. வெளியே வந்து, கடற்காற்றுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு, "என்னடா?" என்றேன்.

"அண்ணை, டோனல் மோசம் போயிட்டார். விடியக்காலமை."

"மன்னிப்புக் கேக்காமலே போயிட்டாரோ?" என்றுதான் என் வாயில் வந்தது.

அன்ரன் "சீ, என்ன கதை அண்ணை இது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். நான் உள்ளே போய் மிச்சப் பெட்டிகளைக் கழுவினேன்.

டென்மார்க்கில், இந்த எஸ்பியர்க் ஊரில் டோனலோடு விளையாடிய உங்களில் சிலருக்கு இதைப் படிக்கக் கோபம் வரும். வரட்டும். தமிழ் மன்றத்து மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தது நீங்கள்தான். செத்த அன்றே ஒருவரை நல்லவராக்கிவிடும் பழக்கம் எங்கள் ஆட்களிடம் உண்டு. என்னால் அது முடியாது. அந்த மனிதர் தன் வாயால் ஒருநாளும் யாரையும் புகழ்ந்தவர் இல்லை. நான் பொய்யாகப் புகழ்ந்து எழுதினால் அவருக்கே பிடிக்காது.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டோனல் அயர்லாந்துக்காரர், எங்கள் மீன் தொழிற்சாலையில் இயந்திரம் திருத்துபவர். அதற்கு முன், தன் நாட்டில் ஏழு பருவம் மாவட்ட அணிக்கு ஹேர்லிங் ஆடியவர். நுனி அகன்ற மர மட்டையால், தோல் போர்த்த சின்னக் கடினப் பந்தை அடித்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம் அது. பந்து உயரத்தில் வந்தால் வெறுங்கையால் பிடிக்கலாம். ஆனால் பிடிக்கிற கையைச் சுற்றி மற்றவர்களின் மட்டைகள் வீசிக்கொண்டிருக்கும். டோனல் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் மூலைக் காவலுக்கு நின்றவர். ஏழு பருவத்திலும் ஒரு கோல்கூட அடித்ததில்லை. அதை வெட்கமில்லாமல் பெருமையாகச் சொல்வார்: "அடிக்கிறது என்ர வேலை இல்லை. அடிக்க விடாமல் நிக்கிறதுதான் என்ர வேலை." ஞாயிற்றுக்கிழமை ஆயிரக்கணக்கான சனத்துக்கு முன்னால் ஆடிவிட்டு, திங்கட்கிழமை காலை எல்லாரையும் போல வேலைக்குப் போகிற ஆட்டமாம். ஏழாவது பருவத்தோடு ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஓட்டை டெனிஷ். அதனால் அவர் பேச்சை இங்கே எங்கள் பேச்சுத் தமிழில்தான் எழுதுகிறேன்.

சாப்பாட்டு இடைவேளையில் அன்ரன், தெய்வேந்திரம் அண்ணை உட்பட நாங்கள் நான்கு தமிழர் தொழிற்சாலைக்குப் பின்னால் பலகைத் துண்டொன்றை வைத்துக் கிரிக்கெட் அடிப்போம். டோனல் மூன்று நாள் சுவரில் சாய்ந்து நின்று பார்த்தார். நான்காம் நாள் நான்கு ஹேர்லிங் மட்டைகளைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் போட்டார். "உங்களிட்டை மணிக்கட்டு இருக்கு. மூளை பிறகு வரும்" என்றார். இதுதான் அவர் ஆளை அழைக்கிற விதம். நான் ஏன் போனேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். நான் அப்போது மீன் வெட்டுகிறவன். வீட்டில் மனைவி, "கத்தி பிடிக்கிற கையாலை கல்லுப் பந்து பிடிக்கப் போறியளோ? விசரோ உங்களுக்கு?" என்று கேட்டது சரியான கேள்வி.

கிரிக்கெட் ஆடியவனின் வலக்கை மட்டையில் கீழேதான் போகும். ஹேர்லிங்கில் வலக்கை மேலே இருக்க வேண்டும். டோனல் எங்கள் மட்டைகளின் மேற்பகுதியில் கறுப்பு நாடா சுற்றி, "வலக்கை இதிலை" என்றார். கை கீழே நழுவினால் பின்னால் வந்து கெண்டைக்காலில் தன் மட்டையால் ஒரு தட்டு. ஐம்பது வயது தெய்வேந்திரம் அண்ணைக்கும் அதே தட்டுத்தான். ஒரு மாரிகாலம் முழுக்க, உள்ளரங்கில், திட்டு, தட்டு, திட்டு. "பந்து எங்கை எண்டு தேடாதை. உன்ர ஆள் எங்கை எண்டு பார்" என்பார். நாங்கள் ஆளைப் பார்த்தால், "இப்ப பந்து எங்கை?" என்பார். அந்த மனிதரோடு ஒரு கேள்விக்குச் சரியான பதில் சொல்ல ஏலாது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். உயரப் பந்து வந்தால் இடக்கை மேலே போகவேண்டும். வலக்கையில் இருக்கிற மட்டையால் இடக்கையின் பின்புறத்தை மூடவேண்டும். அதை நூறு தரம் சொன்னார், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் சின்ன வயது முதல் கிரிக்கெட் ஆடியவனுக்கு உயரத்தில் ஒரு பந்தைக் கண்டால் என்ன வரும்? மட்டையைப் போட்டுவிட்டு, இரண்டு கையையும் குவித்துக்கொண்டு, அண்ணாந்து நிற்கத்தான் வரும். நாங்கள் நான்கு பேரும் அதைத்தான் செய்வோம். டோனல் பழக்கிய அணியில் இருந்த டெனிஷ்காரர் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அன்றைக்கும் நான் மட்டையைப் போட்டேன், கையைக் குவித்தேன். அந்தப் பயிற்சி ஆட்டத்தில் டோனல் எனக்கு எதிரணியில் நின்றார். பந்தைப் பார்த்து முழு வீச்சில் அடித்தார். பந்தோடு சேர்ந்து என் வலக்கை ஆட்காட்டி விரலும் போயிற்று.

நான் புல்லில் இருந்து அலறிக்கொண்டிருந்தேன். அவர் குனிந்து விரலைப் பார்த்தார். பார்த்துவிட்டு என்ன கேட்டார் தெரியுமா? "உன்ர வலக்கை மேலை என்ன செய்தது? அது மட்டையிலை இருக்கவேண்டிய கையெல்லோ?"

பிறகு தன் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான்கு மணி நேரம் என் பக்கத்தில் இருந்தார். ஒரு சொல் இல்லை. கட்டுப்போட்டு என்னை வீட்டு வாசலில் இறக்கியபோது வாய் திறந்தார். நான் காத்திருந்தேன். "புதன்கிழமை பயிற்சி இருக்கு" என்றார்.

அந்தக் கதவை எவ்வளவு பலமாக அடித்துச் சாத்தினேன் என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார். புதன்கிழமை நான் போகவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் போகவில்லை.

முறிந்த என் விரல் பொருந்தியது, ஆனால் மடங்கவில்லை, உணர்வும் திரும்பவில்லை. மீன் வெட்டும் வரிசையில் என்னை மிஞ்ச அப்போது ஆள் இல்லை. கத்தியின் முதுகில் வைக்கிற அந்த விரல்தான் முள் எங்கே ஓடுகிறது என்று சொல்லும். அது ஊமையாகிப்போனது. ஜொப்சென்டர் என்கிற வேலைவாய்ப்பு அலுவலகத்துக்காரி மிகவும் அன்பாகப் பேசி, என்னைப் பெட்டி கழுவுகிற வேலைக்கு மாற்றச் சொல்லித் தாள் எழுதினாள். பதினொரு வருசமாக நான் பெட்டி கழுவுகிறேன். பதினொரு வருசமாக அவரும் அதே தொழிற்சாலையில், அதே நடையில், எதிரே வந்து போனார். தலையைக்கூட ஆட்டிக்கொண்டதில்லை. எனக்கு வேண்டியது ஒரே ஒரு சொல். அது அவர் வாயில் வரவில்லை.

ஒன்றை மறைத்தேன் என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது. நான் பெட்டி கழுவப் போன இரண்டாம் கிழமை, அந்த இயந்திரத்தின் இழுக்கும் பிடி மாறியிருந்தது. முன்பு முழுக் கையாலும் இறுக்கிப் பிடிக்கவேண்டும். இப்போது மூன்று விரல் கொழுவி இழுத்தாலே போதும். நான் கேட்கவில்லை. மேற்பார்வையாளரும் சொல்லவில்லையாம். யார் செய்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இயந்திரம் திருத்துவது அவருடைய வேலை. அதைச் சொல்லி என்னை இளக்கப் பார்க்காதீர்கள். நான் நன்றி சொல்லவில்லை.

போன மாசம் அன்ரன் வீட்டுக்கு வந்தான். டோனலுக்குக் கணையத்தில் புற்றுநோய், வீட்டிலேயே படுக்கை என்றான்.

"உங்களைக் கேக்கிறார் அண்ணை. ஒருக்கா வரட்டாம்."

"என்னத்துக்காம்?"

"தெரியேல்லை. வரச்சொல்லுறார்."

"மன்னிப்புக் கேக்கிறாரெண்டால் வாறன். கேட்டுக்கொண்டு வந்து சொல்லு."

"சாகப்போற மனுசனோடை பேரம் பேசுறியளோ?" என்று எழும்பிப் போய்விட்டான். தேத்தண்ணி அப்படியே ஆறிக் கிடந்தது. நான் போகவில்லை. மூன்று கிழமை எனக்கு இருந்தது. அவருடைய வீடு பேருந்தில் ஐந்து தரிப்பு.

செத்த வீட்டுக்குப் போனேன். மனைவி கோட்டை எடுத்துக் கையில் தந்துவிட்டாள், வேறு வழி இருக்கவில்லை. தேவாலய வாசலில் அணிக்காரர் இரண்டு வரிசையாக நின்று மட்டைகளை உயர்த்திப் பிடிக்க, சவப்பெட்டி அதற்குக் கீழால் போயிற்று. எனக்கும் ஒரு மட்டை நீட்டினார்கள். நான் வாங்கவில்லை, காற்சட்டைப் பைக்குள் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

அடக்கம் முடிந்து மண்டபத்தில் கோப்பி கொடுத்தார்கள். டோனலின் அண்ணர் மைக்கல் அயர்லாந்திலிருந்து வந்திருந்தார். கோப்பையைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தார். விரல் நீட்டிக்கொண்டு நின்றது. எழும்பி வந்தார். அன்ரன் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தான்.

"நீர்தானோ அந்த ஆள்?"

"எந்த ஆள்?"

"தான் ஒருத்தன்ர விரலை உடைச்சனான் எண்டு ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் சொல்லுவான். குடிச்சிட்டு அதையேதான் சொல்லுவான்."

பிறகு அவர் சொன்னார், டோனலின் ஏழாவது பருவம் எப்படி முடிந்தது என்று. ஒரு அரையிறுதி, கடைசி நிமிடம், உயரப் பந்து. டோனல் கையைத் தூக்கினார், மட்டையால் மூட மறந்துவிட்டார். எதிராளியின் அடியில் கை முறிந்தது, பந்து விழுந்தது, கோல். ஊரே வந்து, ஏன் மூடவில்லை என்று கேட்டதாம். "கை எப்பிடி இருக்கு எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. நானும் கேக்கேல்லை" என்றார் மைக்கல். அடுத்த வருசம் டோனல் டென்மார்க்குக்கு வந்துவிட்டார்.

நீங்கள் நினைப்பது போல எனக்குக் கண்ணீர் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. நத்தாருக்கு நத்தார் அண்ணனிடம் சொல்லத் தெரிந்த மனிதருக்கு, ஒரே நடையில் எதிரே வந்த என்னிடம் சொல்ல என்ன கேடு? பதினொரு வருசம்! என்னிடம் "உன்ர கை", அண்ணனிடம் "நான் உடைச்சனான்." எனக்குரிய சொல்லைக் கொண்டுபோய்க் கடலுக்கு அங்கால் கொடுத்திருக்கிறார். ஒருவேளை அந்த மூன்று கிழமையில் அதை என்னிடம் தரத்தான் கூப்பிட்டாரோ, இல்லை, வலக்கை இன்னும் கீழேதான் போகிறதா என்று கேட்கத்தான் கூப்பிட்டாரோ, இனி யாருக்குத் தெரியும்? அதைத் தெரியாமல் ஆக்கியது அவர் இல்லை. அதுதான் ஆத்திரம்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது இந்த விரல். கையைப் பொத்தினால் மற்றவை மடங்கும், இது மட்டும் முன்னுக்கு நீண்டு நிற்கும். பதினொரு வருசமாக அது யாரைக் காட்டுகிறது என்று எனக்கு நல்லாகத் தெரிந்திருந்தது. நேற்றுக் காலை வேலைக்குப் போய், அவர் மாற்றிவைத்த பிடியில் மூன்று விரலைக் கொழுவி இழுத்தேன். ஆட்காட்டி விரல் வழக்கம்போல நேரே நீட்டிக்கொண்டு நின்றது. எதிரே இயந்திரத்தின் மினுங்கும் தகடு. அதில் நான் நின்றேன்.