நாத்தனார் எடுத்த படம்

போன வாரம் பூஜை அறைக்குப் பக்கத்து அலமாரியிலிருந்து வினிகர் வாடை வந்தது. மீ கோரேங் நூடுல்ஸுக்குத் தொட்டுக்கொள்ள நான் பச்சை மிளகாயை வினிகரில் ஊறப்போட்டு வைப்பதுண்டு. அந்தப் புட்டிதான் எங்கேயோ கவிழ்ந்துவிட்டது என்று நினைத்து, பழைய சேலைகளையும் பஞ்சாங்கங்களையும் வெளியே எடுத்துப் போட்டேன். புட்டி சமையலறையில் பத்திரமாக இருந்தது. வாடை வந்தது அடித்தட்டில் கிடந்த ஒரு வட்டமான தகர டப்பாவிலிருந்து. திறந்தால் உள்ளே ஒரு ஃபிலிம் சுருள், பொரித்த அப்பளம்போல நெளிந்து கிடந்தது. பழைய ஃபிலிம் கெட்டுப்போனால் இந்த வாடைதான் வருமாம். என் மகன் சொன்னான். அது என் நாத்தனார் தேவகி எடுத்த படம். அதில் நடித்தது நான்.

நடித்தது என்று எழுதிவிட்டேன், சிரிக்காதீர்கள். அதற்கு முன்பும் பின்பும் நான் எதிலும் நடித்ததில்லை, வீட்டில் நடித்ததைத் தவிர.

வினிகர் என்றதும் எனக்குக் கிள்ளான் ஞாபகம் வருகிறது. நான் பிறந்து வளர்ந்தது அங்கேதான். அப்பா போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டினார். எங்கள் பக்கத்துச் சினிமாக் கொட்டகை வாசலில் ஒரு சீனர் மீ விற்பார். அவர் கடை மிளகாய் வாடையை மூக்கில் ஏற்றிக்கொண்டுதான் டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்போம். ஞாயிற்றுக்கிழமை படம் பார்த்தால் திங்கட்கிழமை தண்ணீர்க் குழாயடியில் என்னைச் சுற்றிப் பெண்கள் கூடிவிடுவார்கள். கொட்டகைக்குப் போக முடியாதவர்களுக்கு நான் முழுப் படத்தையும் சொல்வேன். யார் எந்தப் பக்கமிருந்து வந்தார்கள், எப்போது திரும்பிப் பார்த்தார்கள், மழை எங்கே பிடித்தது, எல்லாம். "படத்தவிட நீ சொல்றதுதான் நல்லாருக்குலா," என்று லெட்சுமி அக்கா வாளி நிறைந்து வழிவதைக்கூடக் கவனிக்காமல் நிற்பார். எனக்கென்று பெருமை பேசிக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான். படிப்பு படிவம் மூன்றோடு, ஒன்பதாம் வகுப்போடு, நின்றுவிட்டது.

பிறகு கல்யாணமாகி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தேன். கணவர் ரயில்வேயில் கிளார்க். குவார்ட்டர்ஸ் வீடு. மாமியார், கணவர், அவருடைய தங்கை தேவகி, நான். தேவகி அப்போது படிவம் ஐந்து. நான் மாவு பிசையும்போது பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, "கிள்ளான்ல பாத்த படம் ஒன்னு சொல்லுங்க அண்ணி," என்பாள். சொல்வேன். நடுவில் நிறுத்தி ஏதாவது கேட்பாள். "சண்டைக்கு முன்னாடி மொதல்ல என்ன காட்டுனாங்க? மூஞ்சியா, கையா?" இதென்ன கேள்வி, பைத்தியக்காரப் பெண்ணே என்று நினைத்துக்கொள்வேன். அந்தக் கேள்விதான் பிற்பாடு அவளை விமானத்தில் ஏற்றியது. பதில் சொன்ன நானோ மாவு பிசைந்துகொண்டே இருந்தேன்.

அவள் இங்கே பட்டம் வாங்கினாள், சில வருடம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தாள், எண்பதுகளின் நடுவில் இங்கிலாந்தில் முதுகலை படிக்க இடம் கிடைத்திருக்கிறது என்றாள். என்ன படிப்பு என்றால், சினிமா டைரக்‌ஷன். மாமியார் கோயிலில் கேட்டவர்களிடமெல்லாம், "எம்மக மாஸ்டர்ஸ் படிக்கப் போறா," என்று சொல்லி, மீதியை விபூதியோடு சேர்த்து வாய்க்குள் போட்டுக்கொள்வார்.

நான் வெள்ளிக்கிழமை விரதம் தவறாதவள். அந்த வெள்ளிக்கிழமை அம்பாள் முன் நின்று, அவளுக்கு விசா கிடைக்காமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். முழு மனதாக வேண்டப் பயம், அரை மனதாகத்தான். அரை மனது வேண்டுதல் மேலே ஏறாது போலிருக்கிறது. அடுத்த வாரமே விசா வந்துவிட்டது.

அவள் போன பிறகு மாதம் ஒரு நீலக் கடிதம் வரும். சாப்பாடு முடிந்ததும் கணவர் உரக்கப் படிப்பார். நான் பாத்திரம் துலக்கும் சாக்கில் தண்ணீரைத் திறக்காமல் கேட்பேன். ஒரு கடிதத்தில் எழுதியிருந்தாள்: வாத்தியார் ஒரு கதவைக் கொடுத்தாராம். ஒருவன் அதைத் திறந்து உள்ளே வர வேண்டும். பேச்சு கிடையாது. வருகிறவன் திருடனா, அந்த வீட்டுப் பிள்ளையா என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். அதற்கு ஒரு வாரம் ஆனதாம்.

"ஒரு கதவத் தொறக்க ஒரு வாரமா? நல்ல படிப்பு!" என்றேன்.

மறுநாள் வீட்டில் யாருமில்லாத நேரம் நானே முன்கதவைத் திருடிபோல் திறந்து பார்த்தேன். பிறகு மகள்போல். பிறகு மருமகள்போல். கடைசி இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருந்தது. ஏதோ மறந்து திரும்பி வந்த கணவர் வாசலில் நின்று, "கதவோட என்ன வெளையாட்டு?" என்றார். கீல் கிரீச்சிடுகிறது, எண்ணெய் போட வேண்டும் என்றேன். பாவம், அவர் அன்று மாலையே எண்ணெய் வாங்கி வந்தார்.

படிப்பு முடிக்க அவள் ஒரு படம் எடுத்துக் காட்ட வேண்டும். எங்கள் வீட்டில்தான் எடுப்பேன் என்று வந்து இறங்கினாள். ஒரு குடும்பப் பெண்ணின் காலைப் பொழுது, பத்து நிமிடம், வசனம் இல்லை. "நீங்கதான் அண்ணி செய்யணும்," என்றாள். பொறாமைக்காரிக்கும் தலை கிறுகிறுக்கும், தெரியுமா? படம் பிடிக்கும் அன்று விடியுமுன் தலை குளித்து, கல்யாணப் பட்டுச் சேலையைக் கட்டி, இரட்டை வடச் சங்கிலியைப் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தேன்.

தேவகி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஐயோ அண்ணி, கல்யாணத்துக்கா போறீங்க? அந்தப் பச்ச வாயில் சேல இருக்கே, முந்தானையில கறை பட்டது, அதக் கட்டிட்டு வாங்க. பவுடர அழிச்சிருங்க."

"அப்ப நடிக்கிறதுக்கு?"

"நீங்க ஒன்னும் நடிக்க வேணாம். சும்மா எப்பவும் போல இருங்க."

எனக்கு நடிக்கத் தெரியாது என்றுதானே அதற்கு அர்த்தம்? அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

கேமராக்காரன் ஆ லியோங், அவளுடைய சிநேகிதன். விளம்பரப் படம் எடுக்கிற இடத்தில் வேலை பார்த்தவன், கேமராவை இரவல் வாங்கி வந்திருந்தான். ஃபிலிம் மட்டும் அவள் படித்த சினிமாப் பள்ளி அளந்து கொடுத்தது. ஒரு சுருள் மூன்று நிமிடம்கூட ஓடாது. எடுத்ததை இங்கிலாந்துக்கு அனுப்பிக் கழுவினால்தான் என்ன விழுந்திருக்கிறது என்று தெரியும். ஆகவே அவள் சுருளைக் கையிலெடுக்கும்போது மாமியார் அரிசி அளப்பதுபோல முகத்தை வைத்துக்கொள்வாள்.

இரண்டு நாளில் கோலம், தேநீர், துணி காயப்போடுவது எல்லாம் முடிந்தன. கடைசியாக விளக்கு. காமாட்சி விளக்கை ஏற்றிச் சுடரைப் பார்க்க வேண்டும். "சுடர மட்டும் பாருங்க அண்ணி. எக்காரணம் கொண்டும் கேமராவப் பாக்காதீங்க. பாத்தா எல்லாம் போச்சு."

ஏற்றினேன். "கட். இன்னொரு தடவ," என்றாள்.

"ஏத்துன விளக்க என்னம்மா பண்றது?"

ஆ லியோங்குக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் சங்கதி புரிந்துவிட்டது. உதவி செய்கிறானாம், குனிந்து வாயைக் குவித்தான். சமையலறை வாசலில் நின்ற மாமியார் மலாயிலும் தமிழிலுமாக அலறிவிட்டார். "ஜாங்கான்! ஜாங்கான்! ஊதாதடா பாவி!" அவன் பயந்து பின்னால் சாய்ந்து, மணியைத் தட்டிவிட்டு, "சோரி ஆன்டி, சோரி, சோரி," என்றான். நான் பூக்காம்பால் திரியை எண்ணெய்க்குள் இழுத்துக் குளிர வைத்தேன். மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

மறுபடி ஏற்றினேன். மறுபடி குளிர வைத்தேன். மூன்று, நான்கு. கை சரியில்லை என்றாள், தலை கொஞ்சம் சாய வேண்டும் என்றாள். ஐந்தாவது முறை என்னால் தாங்க முடியவில்லை. "தேவகி, விளக்கோட இப்படி வெளையாடக் கூடாதும்மா," என்றேன். மாமியார் என் பக்கம் பேசுவார் என்று நிச்சயமாக இருந்தேன். ஒரு மாலை காற்றில் விளக்கு அணைந்ததற்கு மூன்று நாள் என்னைப் பேசியவர் அவர்.

மாமியார் சொன்னார்: "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும். படிச்ச புள்ள. நீ சொல்றதச் செய்யேன்."

"கடைசி அண்ணி," என்றாள் தேவகி. "இதோட ஃபிலிம் தீந்துச்சு. இதுல வந்தாதான்." இரண்டு வருடப் படிப்பு, சேர்த்த சம்பளம், எல்லாம் அந்த அரை நிமிடத்தில் இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று இந்த வயதில் எழுத மாட்டேன்.

கேமரா கிர்ரென்று ஓட ஆரம்பித்தது. ஏற்றினேன். சுடர் நிமிர்ந்தது. நானும் நிமிர்ந்து நேராக அந்தக் கண்ணாடிக்குள் பார்த்தேன். குழாயடி, மாவு, நீலக் கடிதங்கள், "படிச்ச புள்ள", எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தேன். கண் கொட்டவில்லை. அம்பாளுக்கு முதுகு காட்டவில்லை, அவ்வளவுதான் மரியாதை. சத்தம் நிற்கும்வரை பார்த்தேன்.

"ஹாபிஸ்," என்றான் ஆ லியோங், தீர்ந்தது என்று. பிறகு தயங்கி, "டியா தெங்கோக் கேமரா," என்றான். கேமராவைப் பார்த்துவிட்டார்களே என்றான்.

தேவகி என்னைப் பார்க்கவில்லை. "பரவால்ல. சாப்பிடலாம்," என்றாள். அன்று நான் வைத்த கத்தரிக்காய்க் கறி யாருக்கும் இறங்கவில்லை. எனக்குத்தான் நன்றாக இறங்கியது.

மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது. தேறிவிட்டாள். சாதாரணத் தேர்ச்சி இல்லை. கடைசியில் அந்தப் பெண் பார்க்கும் பார்வைக்காகவே வாத்தியார்கள் படத்தை இரண்டு தரம் ஓட்டிப் பார்த்தார்களாம். கணவர் படித்துவிட்டு, "ஒன்னத்தான் சொல்றாங்க!" என்றார். நான் கெடுக்கப் போய் அவளுக்கு மாலை போட்டுவிட்டேன். அன்று எனக்கு வந்த எரிச்சல் இருக்கிறதே, எந்த விளக்கும் அப்படி எரிந்ததில்லை.

அவள் திரும்பி வந்ததும் கோலாலம்பூரில் ஒரு சிறிய மண்டபத்தில் சொந்தக்காரர்களுக்குப் போட்டுக் காட்டினாள். என் முகம் சுவர் அளவுக்கு வந்தது. அது என்ன பார்வை என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் இருந்த சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மன் சந்நிதியில நிக்கிற மாதிரி என்னா பக்திடி ஒம் மொகத்துல," என்றார். அந்த வாரம் கோயிலில் என்னால் தலை நிமிர்ந்து கும்பிட முடியவில்லை. அம்பாளின் பாதத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன்.

தேவகிக்கு இங்கே டைரக்‌ஷன் வேலை யார் தந்தார்கள்? ஒரு அலுவலகத்தில் படங்களுக்குக் கீழே ஓடும் மலாய் எழுத்து எழுதினாள். நடுவில் இரண்டு முறை யாரோ படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். பாதியில் விட்டுவிட்டு வந்தாள். தொண்ணூறுகளில் கல்யாணமாகி ஆஸ்திரேலியா போனவள், முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்து ஓய்வும் பெற்றுவிட்டாள்.

டப்பா கிடைத்ததும் அவளுக்குப் போன் செய்தேன். "தூக்கிப் போட்டுருங்க அண்ணி," என்றாள், பழைய செய்தித்தாளைச் சொல்வதுபோல. எனக்கு என்ன தோன்றியதோ, சொல்லிவிட்டேன். "தேவகி, அன்னிக்கு நான் வேணும்னேதாம்மா பாத்தேன். ஒம் படம் கெட்டுப் போகட்டும்னு."

சிரித்தாள்.

"அது எனக்கு அப்பவே தெரியும். வாத்தியார் கேட்டாரு, என்ன சொல்லி அந்த அம்மாவ அப்படிப் பாக்க வச்சேன்னு. நான்தான் சொல்லிக் குடுத்தேன்னு சொல்லிட்டேன். பொய். நான் சொல்லிக் குடுத்த அஞ்சும் செத்துக் கெடந்துச்சு. நீங்களாப் பாத்த ஒன்னுதான் படம். ஒங்க மேல எவ்ளோ பொறாம தெரியுமா எனக்கு? அப்புறம் யார நிக்க வச்சி 'ஸ்டார்ட்' சொன்னாலும் அதுதான் கண்ணு முன்னால வரும். என்னால வர வைக்க முடியாதுன்னு தெரிஞ்சுபோச்சு. விட்டுட்டேன். சரி, மருந்தெல்லாம் சாப்பிடுறீங்களா?"

பொய் சொல்ல மாட்டேன். முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். அவளுக்கு என்மேல் பொறாமையா! ஒரு மூச்சு விடும் நேரம் அது இருந்தது. பிறகுதான், நான் எதைக் கெடுத்தேன் என்று புரிந்தது.

குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள். மாமியார் இல்லை, கணவர் இல்லை, ஆ லியோங் எங்கே என்று தெரியவில்லை. பிரிக்பீல்ட்ஸில் இப்போது தமிழ்ப் பிள்ளைகள் தெருவுக்குத் தெரு படம் எடுக்கிறார்கள், பெயரெல்லாம் பத்திரிகையில் வருகிறது. நான் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் படிக்கிறேன். தேவகி என்ற பெயர் எதிலும் இல்லை. அவள் பத்துப் படம் எடுத்திருந்தால் நான் இன்றைக்கும் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்திருப்பேன். அதுவே எவ்வளவோ தேவலை.