பாப்பாயி கட்டிய உறுமல் பெட்டி

சங்ககிரியில் லாரிப் பட்டறைகள் வரிசையாக இருக்கும் சாலையில், மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை ஒன்றைப் பாப்பாயி நடத்திவந்தார். கணவர் மருதாசலம் பம்பாய் லைனில் லாரி ஓட்டினார். எழுபத்தொன்றாம் வருடக் கோடையில் அவர்கள் கிணற்று மோட்டார் மூன்று முறை எரிந்தது. மூன்றாம் முறை பாப்பாயி அதை யாரிடமும் கொடுக்காமல், களத்தில் வைத்துத் தானே பிரித்தார். கருகிய கம்பியைச் சுற்றுச் சுற்றாக எண்ணி அவிழ்த்து, புதுக் கம்பியை அதே எண்ணிக்கையில் சுற்றினார். அதற்குப் பிறகு அந்த மோட்டார் எரியவில்லை. அக்கம்பக்கத்துக் கிணறுகளின் மோட்டார்களும் லாரி டைனமோக்களும் அவரைத் தேடி வரத் தொடங்கின.

நான் தேடிப் போனது எழுபத்தொன்பதில். என் பெயர் தண்டாயுதபாணி. ராசிபுரத்தில் பகலில் தறி ஓட்டிவிட்டு, சாயங்காலங்களில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிதார் வாசித்துக்கொண்டிருந்தேன். ரேடியோவில் சில பாட்டுகளில் கிதார் தொண்டை கிழிந்து உறுமும். அதையே நான் வாசித்தால் மணி அடித்த மாதிரி சுத்தமாக வரும். வெளிநாட்டுக்காரர்கள் அதற்கென்று காலால் மிதிக்கும் ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதோடு சரி.

அந்த வருடம் திருச்செங்கோட்டு வைகாசித் தேருக்குக் கச்சேரி. எங்கள் ஆம்ப்ளிஃபயர் பாதியில் கெட்டது. மைக் செட்டுக்காரர் சின்னண்ணன், தன் பழைய வால்வு செட்டில் என் கிதாரைச் சொருகினார். உள்ளே கண்ணாடிக் குழல்கள் சிவந்து எரியும் அந்தக் காலத்து செட். சத்தத்தை முழுக்கத் திறந்ததும் அந்த உறுமல் அப்படியே வந்தது. ஆனால் சத்தத்தைக் குறைத்தால் உறுமலும் போய்விட்டது. இந்த செட்டுக்குக் காயில் கட்டியது யார் என்று கேட்டேன். சின்னண்ணன் பாப்பாயியின் பெயரைச் சொன்னார்.

பாப்பாயி அதுவரை கிதாரைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, கடையில் ரிப்பேருக்குக் கிடந்த ஒரு வால்வு செட்டில் வாசிக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"வால்வு விழுங்க முடியாத அளவுக்குச் சத்தத்த ஊட்டுனா கிழியுதுங்க தம்பி. அதுக்குப் பெரிய செட்டு எதுக்குங்க? ஒத்த வால்வத் தனியா வெச்சுக் கிழிய உட்டாப் போதுமுங்க."

மூன்று மாதம் பிடித்தது. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியின் தகரத்தை வளைத்துப் பெட்டி செய்தார். ஒரே ஒரு வால்வு. அதற்கு வேண்டிய டிரான்ஸ்ஃபார்மரைக் கையாலேயே சுற்றினார். மிதிக்கிற சுவிட்ச்தான் எங்கும் கிடைக்கவில்லை. கடைசியில் எதிர்ப்பட்டறையில் நின்ற லாரியைப் பார்த்துவிட்டு எழுந்து போனார். ஹெட்லைட்டை டிம் பண்ண டிரைவர் இடது காலால் மிதிப்பாரே, அந்த சுவிட்ச். ஒரு மிதிக்குச் சுத்தமான சத்தம், மறு மிதிக்கு உறுமல்.

பெட்டி பாடியது. கூடவே ஓயாத ஒரு ரீங்காரமும் வந்தது. எவ்வளவோ குறைத்தும் முழுதாகப் போகவில்லை. ஒருநாள் ஒவ்வொரு தந்தியாக மீட்டச் சொன்னார். தடித்த தந்தியை மூன்றாம் கட்டையில் விரலால் அழுத்தி மீட்டியதும் கையைத் தூக்கினார்.

"இந்த எடத்துல ரெண்டும் உரசுதுங்க. நொடிக்கு ரெண்டு தரம் அலையடிக்குது, கேளுங்க."

கேட்டேன். உண்மைதான். ரீங்காரமும் என் சுரமும் சேர்ந்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அந்த சுரத்துக்கு ஒரு மயிரிழை மேலே ரீங்காரம் நின்றது. அது கரண்டின் குரல் என்றார் பாப்பாயி. ஓடுகிற மோட்டார் எல்லாவற்றிலும் அதைத்தான் தினமும் கேட்கிறாராம். சித்திரையில் எல்லாக் கிணறும் ஒன்றாக இறைக்கும்போது அது கொஞ்சம் இறங்குமாம். ஐந்து வருடமாகத் தினமும் சுருதி சேர்த்தவன் நான். என் தலைக்கு மேலே போகிற கம்பிகளுக்கும் ஒரு சுருதி உண்டு என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. வெளியே வந்து மின்கம்பத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த பங்குனியில் நாமகிரிப்பேட்டையில் கச்சேரி. பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கப் பாப்பாயியும் வந்திருந்தார். சாயங்காலம் இரண்டாவது பாட்டில் கரண்டு போனது. டீசல் ஜெனரேட்டரை ஓட்டினார்கள். அது வேகமாக ஓடியதால் ரீங்காரம் உயர்ந்து, ஒலிபெருக்கி முழுக்க முனகலாகக் கேட்டது. கூட்டம் முகம் சுளித்தது. பெட்டியைக் கழற்றிவிடு என்று பாடகர் சைகை காட்டினார்.

நான் குனிந்தபோது பாப்பாயி மேடையோரம் வந்து நின்றார்.

"கழட்டாதீங்க சாமி. அந்த மூணாங்கட்டையப் புடிச்சுக்கிட்டே இருங்க."

ஜெனரேட்டரிடம் போய், ஆப்பரேட்டரிடம் ஸ்பேனரை வாங்கி, எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகைத் தொட்டார். நான் அந்த சுரத்தை விடாமல் மீட்டினேன். படபடவென்று அடித்த அலை மெதுவானது. நொடிக்கு இரண்டு. பிறகு ஒன்று. பிறகு ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரத்துக்கு ஒன்று. பிறகு அலையே இல்லை. முனகல் என் சுரத்துக்குள் இறங்கி, பெரிய தம்பூரா ஒன்று பின்னால் நிற்பதுபோல் ஆனது. பாடகர் திரும்பிப் பார்த்தார். மிச்சப் பாட்டுகளை எல்லாம் அந்த சுருதியிலேயே பாடினார். அத்தனை சனமும் அசையாமல் உட்கார்ந்திருந்தது. டீசல் எஞ்சினுக்குச் சுருதி சேர்த்த ஒருவரை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. பாப்பாயியோ கடைசி வரை திருகின் மேல் கை வைத்தபடி நின்றிருந்தார். அவர் கண் கலங்கியிருந்ததைச் சின்னண்ணன்தான் பிறகு சொன்னார்.

ஈரோடு, தருமபுரிக் குழுக்களுக்கும் சேர்த்து மொத்தம் ஒன்பது பெட்டி செய்தார். பத்தாவதை யாரோ கேட்டபோது, பாசனக் காலம் முடியட்டும் என்று சொல்லிவிட்டார்.

எண்பத்து நாலில் பெங்களூரிலிருந்து கைலாசம் என்ற கிதார்காரர் பாப்பாயியின் கடைக்கு வந்தார். அன்று நானும் என் பெட்டியோடு அங்கே இருந்தேன். அவர் கொண்டுவந்தது வெளிநாட்டில் யாரோ கையால் செய்த வால்வுப் பெட்டி. சத்தம் நின்றுபோயிருந்தது. பாப்பாயி அதைத் திறந்தார். விட்டுப்போன ஓர் ஈயப் பற்றை மறுபடி வைத்ததும் சரியாகிவிட்டது. ஆனால் மூடவில்லை. வெகுநேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பெட்டியையும் திறந்து பக்கத்தில் வைக்கச் சொன்னார். இரண்டிலும் டிரான்ஸ்ஃபார்மர் நேராக இல்லை. ஒரே மாதிரிக் கோணலாகத் திருப்பி முடுக்கியிருந்தது. ரீங்காரத்தைக் குறைக்கப் பாப்பாயி நாற்பது தடவை திருப்பிப் பார்த்துக் கண்டுபிடித்த கோணம் அது.

செய்தவர் பெயர் என்ன என்று கேட்டார். கைலாசத்துக்குத் தெரியவில்லை.

"அவுங்களும் இந்த எடத்துல தவிச்சிருக்காங்க" என்றார் பாப்பாயி. அந்தப் பற்றுகளின் மேல் விரலை மெதுவாக ஓட்டிவிட்டு, முந்தானையால் உள்தூசியைத் துடைத்து மூடினார்.