ஸைனம்புவின் கையெழுத்து

உங்கள் வாப்பாவின் வாப்பாவுக்கு வாப்பா யார் என்று கேட்டால் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வீர்கள். உங்கள் உம்மாவின் உம்மாவுக்கு உம்மா யார்? பெயர் சொல்ல முடியுமா?

கல்முனைக்குடியில் ஒரு பாடசாலையில் எழுதுவினைஞராக இருக்கும் அஸ்பியாவால் முடியும். அவ்வாஉம்மா என்று உடனே சொல்வார். ஆனால் போன வருடம் முழுவதும் அவர் தேடித் திரிந்தது அந்தப் பெயரை அல்ல. தன் உம்மா ஸைனம்பு கைப்பட எழுதிய ஒரு வரியை.

2004 மார்கழியில் கடல் வந்தபோது அஸ்பியாவுக்கு இருபத்து மூன்று வயது. கணினிப் பயிற்சிக்குக் கண்டி போயிருந்தார். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, உம்மாவும் இல்லை. உம்மாவின் ஜனாஸா கிடைக்கவில்லை, அதனால் அடக்கம் செய்த கபுறும் இல்லை. பிறகு ஒரு சொந்தக்காரரின் கலியாணப் படத்தில் பின்வரிசையில் உம்மாவின் முகம் கிடைத்தது. அது போதவில்லை. உம்மாவை நினைத்தால் அஸ்பியாவுக்கு முகம் வருவதற்கு முன் கைதான் வரும். கொப்பியின் மேல் சாய்ந்து, 'ழ'வின் வாலை நீட்டி இழுத்து எழுதும் கை.

எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட ஸைனம்புதான் அந்தத் தெருவுக்கே கடிதம் எழுதியவர். புருஷன்மார் சவூதியிலும் கட்டாரிலும் இருந்த பெண்கள் பின்னேரங்களில் வந்து உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவர் எழுதிக் கொடுப்பார். நூற்றுக்கணக்கான கடிதங்கள். மகளுக்கென்று ஒன்றும் எழுதவில்லை. ஒரே வீட்டில் இருக்கிற மகளுக்கு எதற்குக் கடிதம்?

வாய்ப்பு மச்சான் ஜுனைட்டின் வடிவில் வந்தது. மாமாவின் மகனான அவர் குடும்பத்தார் ஒன்றுகூடலுக்கு வம்ச வரைபடம் ஒன்று வேண்டும் என்றார். பதிவேடுகளைப் புரட்ட ஒரு காரணம் கிடைத்ததே என்று அஸ்பியா ஒப்புக்கொண்டார்.

"ஏழு தலமுறைக்கும் ஆம்புளயள்ர பேர் சரியா வரணும் மச்சி," என்றார் ஜுனைட். "பொம்புளயளுக்கு 'மனைவி' எண்டு போட்டாக் காணும்."

"ஓம் மச்சான். ஆம்புளயளெல்லாம் தென்னயில காய்ச்சி விழுந்தவங்கதானே."

"அதுக்கில்ல மச்சி, எடம் காணாது."

இடம் காணாதாம்! இந்தக் கரையில் ஒருவருக்குக் குடி என்கிற வம்சப் பெயர் தாய்வழியில்தான் வருகிறது. பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார் எந்தக் குடி என்று கேட்டால், அவருடைய உம்மாவின் குடியைத்தான் சொல்ல வேண்டும். வீடு மகளுக்குப் போகிறது. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியேறுகிறார். குடியையும் வீட்டையும் பெண்ணிடமிருந்து வாங்கிக்கொண்ட நாம், ஒரு தாளில் அவள் பெயருக்கு இடமில்லை என்கிறோம்.

அஸ்பியா முதலில் போனது தான் படித்த பாடசாலைக்கு. மாணவர் சேர்வு இடாப்பில் பாதுகாவலர் கையொப்பம் என்ற இடத்தில் மாமா ஒப்பமிட்டிருந்தார். நிவாரண அட்டைக்கு உம்மா மாதாமாதம் ஒப்பமிட்ட புத்தகத்தைத் தேடிப் போனார். அது வெள்ளத்தில் ஊறி, எரிக்கப்பட்டிருந்தது. கட்டாரில் பதினொரு வருடம் இருந்துவிட்டு வந்த அபுல் ஹஸன் காக்காவின் வீட்டுக்கும் போனார்.

"உங்கட உம்மா எழுதின கடிதமா மகள்? வாசிச்சு வாசிச்சு அழுதிருக்கன். என்ட பொண்டாட்டி நேர்ல அப்பிடிக் கதைச்சதே இல்ல." அவர் சிரித்தார். பிறகு தலை குனிந்துகொண்டார். "வரக்குள்ள எல்லாத்தையும் றூமுலயே போட்டுட்டு வந்திட்டன். சாமான் பாரம் கூடிப் போச்சு."

மிச்சமிருந்தது ஓரிடம்தான். உம்மாவின் நிக்காஹ் பதிவு, 1979. ஒரு மனுஷி வாழ்க்கையில் எங்கே கையெழுத்துப் போடாவிட்டாலும் தன் கலியாணத்தில் போட்டிருப்பாள் என்று அஸ்பியா உறுதியாக நம்பினார். நான்கு தடவை அலைந்து, பழைய ஏட்டைப் பார்க்க அனுமதி வாங்கினார். உத்தியோகத்தர் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். வாப்பாவின் கோணல் கையெழுத்து. பெண்ணின் பொறுப்பாளரான வலீ என்று உம்மாவின் பெரியப்பாவுடைய கையெழுத்து. சாட்சிகள் இருவர். பதிவாளர்.

"மணப்பொண்ணுட கையெழுத்து எங்க?"

"அதுக்கு இதுல கோடே இல்லயே தங்கச்சி."

"கலியாணம் அவவுக்குத்தானே?"

"ஓம். சம்மதம் வலீ சொன்னாக் காணும்."

தெருவுக்கே கடிதம் எழுதிய கை, தன் கலியாணத்தன்று சும்மா இருந்திருக்கிறது. அஸ்பியா 'ஸைனம்பு' என்று வேறு யாரோ எழுதியிருந்த பெயரின் மேல் விரலை வைத்தார். உத்தியோகத்தர் ஏட்டை மூடும்வரை எடுக்கவில்லை.

இது இறைவன் போட்ட கோடு என்று யாரும் என்னிடம் வரவேண்டாம். ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து படிவம் தயாரித்தவர்கள் போடாமல் விட்ட கோடு. மனிதர் விட்டதை மனிதர் போடலாம்.

ஒன்றுகூடலில் வரைபடம் தொங்கியது. முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். பெண்களின் பெயர்களும் இருந்தன. தாள் பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான். எல்லோரும் மெச்சினார்கள். அஸ்பியாவுக்கு அது ஒரு வருடத் தேடலின் மிச்சமாகத்தான் தெரிந்தது.

போன மாதம் அவருடைய மகள் நப்லாவுக்கு நிக்காஹ். ஒரு வாரம் முன்பே, மகளும் கையெழுத்துப் போட ஓர் இடம் கேட்டு அஸ்பியா பதிவாளரிடம் போனார்.

"படிவத்தில இல்லாத எடத்த நான் எப்பிடி ராத்தா உண்டாக்குற?" என்றார் அவர்.

நிக்காஹ் அன்று பள்ளிவாசலில் ஆண்கள் கூடியிருக்க, வீட்டில் நப்லா ஒரு தாளில் எழுதினாள்: 'இந்த நிக்காஹுக்கு எனக்குப் பூரண சம்மதம்.' கீழே முழுப் பெயரையும் எழுதி ஒப்பமிட்டாள். தாளை வாங்கிப் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோக வந்த ஜுனைட் சிரித்தார்.

"பொண்ணு மாப்புளைக்கு இப்பவே கடிதமா?"

"மாப்புளைக்கில்ல மச்சான். நாப்பது வருஷம் கழிச்சித் தேடி வாற புள்ளைக்கு."

ஜுனைட் தாளை மடிக்காமல் கொண்டுபோனார். பதிவாளர் அதை வாசித்து, செல்லாது என்று சொல்லி, திருப்பிக் கொடுத்தார். இப்போது அது அஸ்பியாவின் அலுமாரியில் இருக்கிறது. உம்மாவுடையது என்று பக்கத்தில் வைக்க ஒன்றுமில்லை.

உங்கள் வீட்டில் அடுத்த நிக்காஹ் எப்போது? அன்று பேனாவை மணப்பெண்ணிடம் கொடுங்கள். கோடு இல்லை என்றால், அவள் எழுதியதைப் பத்திரப்படுத்துங்கள். அந்தக் கோட்டைப் போடச் சொல்லி உங்கள் பதிவாளருக்கும் உங்கள் வாக்கில் பாராளுமன்றம் போனவருக்கும் இந்தக் கிழமையே எழுதுங்கள்.