இறந்தவர் குடும்பத்தாருக்கு இலவசம்

பவானி பிறந்து வளர்ந்தது கீரப்பாளையத்தில். வயலும் வாய்க்காலுமாக இருக்கும் ஊர். சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் வீட்டில் இட்லி வெந்துகொண்டிருந்தது. கடலூர்ப் பக்கம் ஏதோ ஆகிவிட்டதாம் என்று டிவியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். உறவில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பல வருடம் கழித்து, கடலூர் முதுநகரைத் தாண்டிக் கடலோரத்தில் ஓர் அறக்கட்டளை கட்டியிருந்த சுனாமி நினைவகத்தில் பொறுப்பாளர் வேலை கிடைத்தபோது, இங்கே உட்கார நமக்கு என்ன உரிமை என்ற கூச்சம் அவளுக்கு முதல் நாளே வந்துவிட்டது.

வரலாறு படித்தவள். சிதம்பரத்தில் அவள் பாடம் நடத்திக்கொண்டிருந்த தனியார் பள்ளியை மூடிவிட்டார்கள். கணவன் பழனிவேல் வீடுகளுக்கு வயரிங் செய்பவன். அவன் ஒருத்தன் வருமானத்தில் சிதம்பரத்தில் வாடகை கொடுத்துக் குடும்பம் நடத்துவது சிரமமாக இருந்தது. அதனால் தினமும் பஸ் ஏறிக் கடலூருக்கு வந்து போனாள்.

அந்தக் கூச்சத்தை உழைத்துத்தான் மறக்கப் பார்த்தாள். நினைவகம் பெரிய கட்டடம் ஒன்றும் இல்லை. இரண்டு கூடம். சுவர் முழுக்கப் போனவர்களின் படங்கள். கண்ணாடிப் பெட்டிகளில் மணலிலிருந்து எடுத்த சாமான்கள்: துருப்பிடித்த தையல் மெஷின், ஒரு பள்ளிக்கூடப் பை, அலுமினியச் சட்டி. மழை பெய்தால் கூரை ஒழுகும். உப்புக்காற்றில் படங்களில் பூஞ்சை ஏறி முகங்கள் கரைந்துகொண்டிருந்தன. மத்தியான வெயிலுக்கு ஃபேன் காற்று வாங்க வந்து தரையில் படுப்பவர்கள், கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு வரும் ஜோடிகள், மூலையில் பாக்குத் துப்பிவிட்டுப் போகிறவர்கள். துடைத்துத் துடைத்து அவளுக்குக் கை காய்த்துப்போனது.

கட்டணம் வைக்கலாம் என்று கேட்டது அவள்தான்.

அறக்கட்டளைத் தலைவர் சுப்பிரமணியன், பொதுப்பணித் துறையில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு மனசு ஒப்பவில்லை. "செத்தவங்கள பாக்கறதுக்கு டிக்கெட்டாம்மா? ஜனங்க என்னா சொல்லுவாங்க?"

"டிக்கெட் இல்லன்னா பாக்கறதுக்கு இங்க எதுவும் மிஞ்சாது சார். போன மழையில மட்டும் எத்தன படம் போச்சு தெரியுமா? காசு குடுத்தாதான் நம்ம ஆளுங்களுக்கு ஒரு மரியாத வரும்."

கடைசியில் ஒத்துக்கொண்டார். தலைக்கு இருபது ரூபாய். அறிவிப்புப் பலகையின் வாசகத்தைப் பவானியே எழுதிக் கொடுத்தாள். கட்டணத்துக்குக் கீழே, "இறந்தவர் குடும்பத்தாருக்கு இலவசம். கவுண்டரில் தெரிவிக்கவும்" என்று சேர்த்தாள். அந்த ஒரு வரியால் எல்லாம் நியாயமாகிவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினாள்.

கட்டணம் வந்ததும் படுக்க வந்தவர்கள் போய்விட்டார்கள். ஒரு வருடத்துக்குள் கூரைக்குத் தளம் போட்டார்கள். படங்களைப் புதிதாக எடுத்துக் கண்ணாடி போட்டு மாட்டினார்கள். பக்கத்துக் குப்பத்து ஆட்களில் சிலர் வந்து, "எங்க சித்தப்பா போட்டோ உள்ள இருக்குது" என்று சொல்லிவிட்டு இலவசமாகப் போனார்கள். வேறு சிலர் பலகையைப் படித்துவிட்டு வாசலோடு திரும்பினார்கள். இருபது ரூபாய்க்குக் கணக்குப் பார்க்கிறார்கள் என்று பவானி நினைத்துக்கொண்டாள்.

ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் காசு கொடுத்தவள் சவரியம்மாள்தான். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சிதம்பரத்தில் ஒரு ஹாஸ்டல் மெஸ்ஸில் சமைக்கிறாள். பவானி வரும் பஸ்ஸில்தான் மாதம் ஒரு தடவை வருவாள். பக்கத்து சீட் காலியாக இருந்தால் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து அரிசி விலை, மெஸ்ஸில் பிள்ளைகள் சோற்றைக் கொட்டுவது என்று பேசிக்கொண்டு வருவார்கள். நினைவகத்தில் இறங்கியதும் சவரியம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து இருபது ரூபாய் நோட்டை நீட்டுவாள். உள்ளே போய் வெகுநேரம் இருந்துவிட்டுச் சொல்லிக்கொள்ளாமல் போய்விடுவாள்.

சிலருக்கு இப்படிப்பட்ட இடங்களில் ஒரு பிடிப்பு இருக்கும் என்றுதான் பவானி எடுத்துக்கொண்டாள். அதோடு விடவில்லை. கட்டணத்தைக் குறைக்கலாமா என்று அறக்கட்டளைக் கூட்டத்தில் பேச்சு வந்தபோது, "ஹாஸ்டல்ல சோறாக்கற ஒரு அம்மா மாசாமாசம் டிக்கெட் எடுத்து வர்றாங்க. அவுங்களால முடியுது, மத்தவங்களால முடியாதா?" என்று கேட்டாள். பேச்சு அத்தோடு நின்றது.

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு நாள் கல்லூரி மாணவிகள் ஒரு பஸ் நிறைய வந்திருந்தார்கள். கூட்டத்தை ஒழுங்குபடுத்தப் பவானியும் கூடத்துக்குள் நின்றாள். குழந்தைகள் படம் மாட்டியிருந்த சுவரின் முன்னால் ஒரு பெண் செல்ஃபி எடுக்கத் திரும்பி, உள்ளங்கையைச் சுவரில் ஊன்றினாள். கை ஒரு படத்தின் மேல் விழுந்தது.

"எம் பொண்ணு மொகத்துல கை வெக்காதம்மா."

சத்தம் போடவில்லை, கெஞ்சுவது போலத்தான் சொன்னாள் சவரியம்மாள். அந்தப் பெண் பதறிக் கையை எடுத்தாள். சவரியம்மாள் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். அடியில் "ஜான்சி, இரண்டாம் வகுப்பு" என்று எழுதியிருந்தது. பவானியே எழுதி ஒட்டிய சீட்டு.

பவானிக்கு இந்தத் தாயிடம் இத்தனை நாள் நாம் டிக்கெட் கிழித்திருக்கிறோம் என்பதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. எப்படியாவது அதை உடனே சரிசெய்துவிட வேண்டும் என்ற அவசரம். கவுண்டருக்கு ஓடினாள். கையில் அகப்பட்ட நோட்டுகளை அள்ளிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"அக்கா, நீங்க ஜான்சியோட அம்மாவா? ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? உங்களுக்கு டிக்கெட்டே கெடையாதுக்கா! இந்தாங்க, பிடிங்க!"

கூடம் முழுக்கக் கேட்டது. மாணவிகள் எல்லோரும் திரும்பினார்கள். கூட வந்த பேராசிரியை, "இவுங்க ஒரு விக்டிமோட மதர். எல்லாரும் கிட்ட வாங்க. அம்மா, அன்னிக்கு என்னா நடந்துச்சுன்னு கொஞ்சம் சொல்றீங்களா?" என்றாள். யாரோ செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

சவரியம்மாள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு, கூட்டத்தை விலக்கி வெளியே போனாள். பவானி நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

அடுத்த மாதம் அவள் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வேறு யாராவது உட்கார்ந்தால்கூடப் பவானி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கூட்டத்தில் அந்த அம்மாவை உதாரணம் காட்டிப் பேசியதை நினைத்து, தனியாக இருக்கும்போது தலையில் அடித்துக்கொள்வாள். வாசலோடு திரும்பிப் போனவர்களின் முகங்களும் இப்போது ஞாபகத்துக்கு வந்தன. அவர்களில் எத்தனை பேர் காசுக்காகத் திரும்பினார்கள்?

சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்த ஒரு ராத்திரி பழனிவேலிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, "டிக்கெட்ட எடுத்துட வேண்டியதுதான?" என்றான்.

"எடுத்துட்டா மறுபடி கூர ஒழுகும். அந்தப் பொண்ணு படமும் போயிடும்."

"அப்ப வண்டிக்கு வாங்கு. கோயிலுக்குப் போனா வண்டி நிறுத்த காசு குடுக்கறோமா இல்லையா? அதுக்கு யாராவது சண்ட போடறாங்களா? பஸ் புடிச்சு நடந்து வர்றவங்கள விட்டுடு."

சுப்பிரமணியன் சாரிடம் இதைச் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "நீதானம்மா வேணும்னு ஒத்தக்கால்ல நின்ன?"

"ஆமா சார். நான்தான். தப்புப் பண்ணிட்டேன்."

"வருமானம் கொறையும். கவுண்டர் ஆள நிறுத்த வேண்டி வரும்."

"அவர வண்டி நிறுத்தற எடத்துக்குப் போட்டுடுங்க. கூட்டறதுக்குத் தனியா ஆள் வேணாம், நான் பாத்துக்கறேன்."

பலகையை எடுத்துவிட்டார்கள். பவானி விடிவதற்கு முன்பே எழுந்து முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதாயிற்று. அதில் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலும் இருந்தது. ஆனாலும் சவரியம்மாள் வரவில்லை.

ஒரு விடுமுறை நாளில் சிதம்பரத்தில் நான்கைந்து ஹாஸ்டல்களில் விசாரித்து அவளைக் கண்டுபிடித்தாள். மெஸ்ஸுக்குப் பின்னால் குழாயடியில் அண்டா கழுவிக்கொண்டிருந்தாள் சவரியம்மாள். பவானியைப் பார்த்ததும் கையை உதறிவிட்டு எழுந்து, உள்ளே யாராவது கவனிக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு மதிலோரம் கூட்டிப்போனாள்.

"இங்க யாருக்கும் தெரியாதும்மா. சத்தமா பேசாத."

"இப்ப டிக்கெட் இல்லக்கா. எடுத்துட்டோம். அத சொல்லத்தான் வந்தேன். என்னை மன்னிச்சிடுங்க."

"அந்தக் காசா எனக்குப் பெருசு?" சவரியம்மாள் மதிலில் சாய்ந்தாள். "அன்னிக்கு கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வூட்ல விருந்தாளிங்க. கரையில போயி மீன் வாங்கிட்டு வாடின்னு நான்தான் அனுப்புனேன். போவ மாட்டேன்னுச்சு. வெரட்டி வுட்டேன். புது கவுனு போட்டுக்கினு போச்சு."

சவரியம்மாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"எம் பொண்ணு உள்ள இருக்குது, என்னை சும்மா வுடுன்னு எந்த வாயால கேப்பேன்? காசு குடுத்தா யாரோ மாதிரி போயி பாத்துட்டு வந்துடலாம். அம்மான்னு சொல்ல வேணாம் பாரு."

"இனிமே யாரும் உங்கள எதுவும் கேக்க மாட்டாங்கக்கா. நீங்க வாங்க."

"யாரும் கேக்க வேணாம். நீ பாக்கறப்பவே தெரியுதே. பஸ்ல அரிசி வெல பேசினப்ப நீ பாத்த பார்வ வேற. இப்ப பாக்கறது வேற."

பவானி தலையைக் குனிந்துகொண்டாள். எதிரே நிற்பவளை எப்படிப் பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. உள்ளேயிருந்து யாரோ சவரியம்மாளைக் கூப்பிட்டார்கள். அவள் இதோ வர்றேன் என்று குரல் கொடுத்துவிட்டு, "உனக்கு என்னிக்கு லீவு?" என்று கேட்டாள்.

"செவ்வாக்கிழம."

"அன்னிக்கு யார் இருப்பாங்க?"

"வண்டிக்கு சீட்டு கிழிக்கற பெரியவர் மட்டும்தான். அவருக்கு நீங்க யாருன்னு தெரியாது. காலேஜ் பொண்ணுங்க வந்தன்னிக்கு அவரு வெளிய கவுண்டர்லதான் இருந்தாரு, உள்ள நடந்தத பாக்கல."

சவரியம்மாள் தலையாட்டினாளா, சும்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாளா என்று பவானிக்குப் புரியவில்லை. அண்டாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பவானி இப்போதும் அந்த வேலையில்தான் இருக்கிறாள். செவ்வாய்க்கிழமை எந்த அவசரத்துக்குக் கூப்பிட்டாலும் அந்தப் பக்கம் போவதில்லை. கலெக்டர் ஆபீசிலிருந்து ஆட்கள் பார்வையிட வந்த ஒரு செவ்வாய்க்கிழமைகூடப் போகாமல், சுப்பிரமணியன் சாரிடம் திட்டு வாங்கிக்கொண்டாள். புதன்கிழமை காலையில் கூடத்தைப் பெருக்கும்போது, நேற்று நடந்து வந்தவர்கள் யார் யார் என்று அந்தப் பெரியவரிடம் கேட்க நாக்கு நுனிவரை வரும். இதுவரை கேட்டதில்லை.